எங்கள் நாடு மட்டும் தனி: தேசியத் தனிச்சிறப்புவாதம் என்றால் என்ன?

காவிரி டெல்டாவில் முறைப்பாசனம் என்றால் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மேட்டூரில் தண்ணீர் போதாத ஆண்டில் எல்லா ஆற்றுக்கும் ஒரே நேரத்தில் திறந்துவிட மாட்டார்கள். சில நாள் காவிரிக்கு, சில நாள் வெண்ணாற்றுக்கு என்று முறை வைப்பார்கள். வாய்க்காலிலும் அதே கதைதான். தலைமடை ஊர் தன் முறை முடிந்ததும் மதகை இறக்கிவிட வேண்டும். அப்போதுதான் கடைமடையில் பயிர் காயாமல் இருக்கும். தலைமடையில் ஓர் ஊர் இப்படிச் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: "எங்க ஊர் ஆயிரம் வருஷத்து ஊர். கோயில் கல்வெட்டிலேயே பேர் இருக்கு. மத்த ஊரும் நாங்களும் ஒண்ணா? முறையெல்லாம் மத்தவங்களுக்கு."

இதில் ஊர் என்ற சொல்லை எடுத்துவிட்டு நாடு என்று போட்டால், அதுதான் தேசியத் தனிச்சிறப்புவாதம். உலகத்து நாடுகளில் ஒரு நாடு மட்டும் கடவுளாலோ வரலாற்றாலோ பண்பாட்டாலோ தனியாக வார்க்கப்பட்டது, மற்ற நாடுகளை அளக்கும் கோலால் அதை அளக்கக் கூடாது என்ற நம்பிக்கை.

இந்த நம்பிக்கைக்கு மூன்று படி உண்டு. முதல் படி, "நாங்கள் வேறு மாதிரி." இது பெரும்பாலும் உண்மை; எந்த நாட்டைக் கேட்டாலும் உண்மை. இரண்டாம் படி, "நாங்கள் எல்லாரையும்விட மேல்." மூன்றாம் படி, "ஆகவே மற்றவர்களுக்கான விதி எங்களைக் கட்டாது." தமிழில் இதைத் தனிச்சிறப்புவாதம் என்றும் எழுதுகிறார்கள், விதிவிலக்குவாதம் என்றும் எழுதுகிறார்கள். முதல் சொல் இரண்டாம் படியைக் காட்டுகிறது, அடுத்த சொல் மூன்றாம் படியைக் காட்டுகிறது. இரண்டு சொல்லும் இருப்பது நல்லது. சிக்கல் என்னவென்றால் பேச்சில் இந்தப் படிகள் தனித்தனியாக வருவதில்லை. ஒரு மேடைப் பேச்சின் முதல் வரியில் "வேறு" என்று தொடங்குவார்கள்; கைதட்டல் அடங்குவதற்குள் "மேல்" வந்துவிடும்; முடிக்கும்போது "விலக்கு" வந்து நிற்கும். கேட்பவர் முதல் வரிக்குத் தலையாட்டியதால் கடைசி வரிக்கும் தலையாட்டிவிடுகிறார்.

நாட்டுப்பற்று இதில் சேராது. சொந்த மண் பிடிக்கும் என்று சொல்ல, அடுத்தவர் மண் மட்டம் என்று காட்ட வேண்டியதில்லை. தனிச்சிறப்புவாதத்துக்கு எப்போதும் கீழே நிற்க இன்னொருவர் வேண்டும்.

சொல் வந்த வழி

இந்தப் பேச்சு அதிகம் அடிபடுவது அமெரிக்காவைப் பற்றித்தான். 1630-ல் இங்கிலாந்திலிருந்து மாசசூசெட்ஸுக்குக் குடியேறப் போனவர்களின் தலைவர் ஜான் வின்த்ரோப், நாம் மலைமேல் இருக்கும் நகரம் போல இருப்போம் என்றார். பைபிளிலிருந்து எடுத்த உவமை. பிற்காலத்தில் ஜனாதிபதி ரீகன் வரை பலரும் அதைப் பெருமைச் சொல்லாகவே எடுத்தாண்டார்கள். வின்த்ரோப் சொன்னது எச்சரிக்கை. எல்லார் கண்ணும் நம்மேல் இருக்கிறது, தவறினால் ஊர் சிரிக்கும் என்பதே அவர் பேச்சின் சாரம். பிரெஞ்சுக்காரர் டோக்வில் 1840-ல் வெளியிட்ட நூற்பகுதியில், அமெரிக்கர்களின் நிலை முற்றிலும் விதிவிலக்கானது என்று எழுதினார். அதுவும் புகழ்ச்சி இல்லை. கலையிலும் அறிவியலிலும் அவர்கள் அவ்வளவாக நாட்டம் காட்டாததற்கு அவர்களுடைய சூழ்நிலை காரணம், அதை வைத்து எல்லா மக்களாட்சி நாடும் அப்படித்தான் இருக்கும் என்று முடிவுகட்டாதீர்கள் என்று சொல்ல வந்த இடம் அது.

இந்தச் சொல்லை ஒரு வாதத்தின் பெயராகப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்கள் 1920-களின் கம்யூனிஸ்டுகள். முதலாளித்துவம் நெருக்கடியில் விழும் என்ற மார்க்சிய விதி அமெரிக்காவுக்கு இப்போதைக்குப் பொருந்தாது என்று அமெரிக்கக் கட்சித் தலைவர் ஜே லவ்ஸ்டோன் வாதாடினார். 1929-ல் ஸ்டாலின் அதைக் கண்டித்தார். லவ்ஸ்டோன் கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்டார். வசைச்சொல்லாக வளர்ந்தது பிறகு அமெரிக்க அரசியல் மேடைகளில் மாலையானது. ஒரு நாட்டைப் பற்றிய பெருமைச் சொல்லைக் கேட்டால், அது முதலில் யார் வாயிலிருந்து, எதற்காக வந்தது என்று தேடிப் பார்ப்பது எப்போதுமே பயன் தரும்.

அமெரிக்காவுக்கு மட்டும் வந்த நோயும் இல்லை இது. மாஸ்கோவை மூன்றாம் ரோமாபுரி என்று 16-ஆம் நூற்றாண்டிலேயே ரஷ்யத் துறவி ஒருவர் எழுதினார். சீனம் தன்னை நடுநாடு என்றது. ஜப்பானில் 'ஜப்பானியர் யார்' என்ற கேள்விக்கென்றே ஒரு நூல் வகை உண்டு. அமெரிக்கா தனிச்சிறப்பானது என்று நம்புகிறீர்களா என்று 2009-ல் ஸ்ட்ராஸ்பர்கில் கேட்டபோது ஒபாமா, பிரிட்டன்காரருக்கும் கிரேக்கருக்கும் அவரவர் நாடு தனிச்சிறப்பாகத் தெரிவது போலத்தான் எனக்கும் என்று சொன்னார். அதற்கே உள்நாட்டில் அவரைக் கடிந்தார்கள். 2013 செப்டம்பரில் புடின், ஒரு மக்களைத் தனிச்சிறப்பானவர்கள் என்று நம்பவைப்பது ஆபத்து என்று அமெரிக்கப் பத்திரிகையில் எழுதினார். கருத்து சரிதான். ஆறு மாதம் கழித்து அவருடைய நாடு கிரிமியாவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது.

முப்பத்தைந்து கிலோமீட்டர் கடற்கரையில்

இதைப் புரிந்துகொள்ள டெல்டாக்காரர் கடல் தாண்ட வேண்டாம். தரங்கம்பாடியில் பஸ் ஏறி, காரைக்கால் வழியாக நாகப்பட்டினத்தில் இறங்குங்கள். முப்பது, முப்பத்தைந்து கிலோமீட்டர்தான். அதற்குள் டேனியர், பிரெஞ்சுக்காரர், போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஐந்து நாட்டார் கொடி நட்டிருக்கிறார்கள். தங்கள் நாடு மற்ற நாடு போல இல்லை என்று சொல்ல ஆளாளுக்கு ஒரு காரணம் இருந்தது.

டச்சுக்காரர்களைப் பாருங்கள். கிழக்குக் கடல் எங்களுடையது, சீட்டு வாங்காமல் கப்பல் ஓடக்கூடாது என்று போர்த்துக்கீசியர் மறித்தபோது, டச்சு அறிஞர் குரோஷியஸ் 1609-ல் ஒரு நூல் வெளியிட்டார். கடல் எல்லாருக்கும் பொது, வணிகத்தைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை என்பது அதன் வாதம். நான்கே ஆண்டில், 1613-ல், அதே குரோஷியஸ் லண்டனுக்குப் போய், மசாலாத் தீவுகளில் டச்சுக் கம்பெனி மட்டுமே வாங்கலாம் என்று வாதாட வேண்டிவந்தது. ஆங்கிலேயர் அவருடைய நூலையே எடுத்து அவர் முன் வைத்தார்கள். 1658-ல் நாகப்பட்டினம் டச்சுக்காரர் கைக்கு வந்தபோது, பொதுக்கடல் என்ற பேச்சு அவர்களுக்குத் தேவைப்படவில்லை. மூன்றாம் படி எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான மாதிரி கிடைப்பது அரிது: மறிக்கப்படும்போது விதி பொது, மறிக்கும் இடத்துக்கு வந்தபின் விதி அடுத்தவனுக்கு.

பிரான்சின் வாதம் வேறு வகை. நாங்கள் நாகரிகத்தைக் கொண்டுவருகிறோம் என்றது அது. 1885-ல் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் ழூல் ஃபெரி, உயர்ந்த இனங்களுக்குத் தாழ்ந்த இனங்களை நாகரிகப்படுத்தும் கடமை உண்டு என்று வெளிப்படையாகவே பேசினார். காரைக்காலில் அது எப்படி நடந்தது? பிரான்ஸ் 1848-ல் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. அது உண்மையிலேயே பெரிய காரியம். ஆனால் அடிமைகள் விடுதலையான கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1850-களிலிருந்து காரைக்கால், புதுச்சேரி துறைகளிலிருந்து தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாக மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் ஏற்றினார்கள். விடுதலையை உலகுக்குக் கற்றுத் தருகிறோம் என்ற நினைப்பு, அந்தக் கப்பலைப் பார்க்கவிடாமல் கண்ணை மறைத்தது. தன்னை நல்லவன் என்று ஏற்கெனவே முடிவுகட்டிவிட்டவன் தன் செயலைச் சோதித்துப் பார்ப்பதில்லை. இந்த நம்பிக்கை செய்கிற கேடுகளில் நாங்கள் பெரிதாகக் கருதுவது இதைத்தான்.

இந்த நம்பிக்கை காதையும் அடைக்கும். 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு தமிழ் கற்றார், ஓலைச்சுவடி சேர்த்தார், அச்சுக்கூடம் வைத்தார். மதம் மாற்ற வந்தவர்தான். இருந்தாலும் இங்குள்ளவர்களிடம் கேட்டுக் கேட்டு, தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-ல் விரிவாக ஒரு நூல் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். நீங்கள் போனது அந்தச் சமயத்தை ஒழிக்க, அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்று அங்கிருந்த மேலிடம் அதை ஒதுக்கிவைத்தது. அச்சில் வந்தது 1867-ல், சென்னையில். நூற்றைம்பது வருஷம் ஒரு நாட்டின் அறிவாளிகள் தங்கள் கைக்கு வந்ததைப் படிக்காமல் வைத்திருந்தார்கள்.

தண்ணீரில் இந்த வாதம்

மூன்றாம் படியின் விலையைக் காவிரிக்காரருக்குத் தண்ணீர்க் கணக்கிலேயே காட்டலாம். ரியோ கிராண்டே ஆறு அமெரிக்காவில் பிறந்து, பிறகு மெக்சிகோ எல்லையாக ஓடுகிறது. 1890-களில் கொலராடோ, நியூ மெக்சிகோ விவசாயிகள் மேலே தண்ணீரைத் திருப்பிக்கொண்டார்கள். கீழே மெக்சிகோவின் ஹுவாரெஸ் பகுதியில் தலைமுறை தலைமுறையாகப் பாசனம் செய்த நிலம் காய்ந்தது. மெக்சிகோ முறையிட்டது. 1895-ல் அமெரிக்க அட்டர்னி ஜெனரல் ஜட்சன் ஹார்மன் சட்டக் கருத்து எழுதினார்: தன் எல்லைக்குள் ஓடும் தண்ணீரை என்ன செய்தாலும் அமெரிக்காவைத் தட்டிக் கேட்கும் சர்வதேச விதி எதுவும் இல்லை. இதற்கு ஹார்மன் கோட்பாடு என்றே பெயர் நின்றுவிட்டது.

1906-ல் உடன்படிக்கை வந்தது. ஆண்டுக்கு 60,000 ஏக்கர் அடி தருவதாக அமெரிக்கா ஒப்புக்கொண்டது. நம் கணக்கில் சுமார் 2.6 டிஎம்சி. தண்ணீரைவிடக் கவனிக்க வேண்டியது வாசகம்: மெக்சிகோவுக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறது என்று இதனால் ஒப்புக்கொண்டதாகாது என்று உடன்படிக்கையிலேயே எழுதிவைத்தார்கள். கொடுப்போம், ஆனால் கடமையாகக் கொடுக்க மாட்டோம். தண்ணீர் இறங்கினாலும் படி இறங்கவில்லை.

காவிரி வழக்கிலும் இந்தக் கோட்பாடு பேசப்பட்டது. 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம், மாநிலங்களுக்கிடையே ஓடும் நதி தேசியச் சொத்து, எந்த மாநிலமும் தனக்கே உரியது என்று சொந்தம் கொண்டாட முடியாது என்றது. எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் கர்நாடகம் ஆண்டுக்கு 177.25 டிஎம்சி தர வேண்டும் என்று அளவும் சொன்னது. அந்தத் தீர்ப்பில் நமக்குக் குறைந்ததைப் பற்றி வருத்தம் நியாயமானது. ஆனாலும் கடைமடையில் இருப்பவருக்குப் பொது விதி ஒன்றுதான் பிடிமானம். திருத்துறைப்பூண்டிக்கும் தலைஞாயிறுக்கும் தண்ணீர் வந்து சேர வேண்டுமானால், மேலே உள்ள எவரும் "நாங்கள் தனி" என்று சொல்லாமல் இருக்க வேண்டும்.

இதே சுபாவம் இன்றைய உலக ஒப்பந்தங்களிலும் தெரியும். குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் அமெரிக்கா 1995-ல் கையெழுத்திட்டது. ஐநா உறுப்பு நாடுகளில் இன்னும் அதை ஏற்புறுதி செய்யாத ஒரே நாடு அதுதான். இந்தியாவும் இதற்கு வெளியே இல்லை. ஐந்து நாடுகளுக்கு மட்டும் அணு ஆயுதச் சலுகை தரும் ஒப்பந்தம் பாரபட்சமானது என்று நாம் பல பத்தாண்டுகள் வாதாடினோம். 2008-ல் அணுசக்தி வணிகத்தில் நமக்கு மட்டும் விலக்கு கிடைத்தபோது அதை வெற்றியாகக் கொண்டாடினோம். இரண்டுக்கும் தனித்தனி நியாயம் சொல்லலாம். ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

'நாம்' என்பதற்குள் யார்?

"கல்தோன்றி மண்தோன்றாக் காலத்தே" என்ற வரி தமிழ்நாட்டு மேடைகளில் கேட்காத வாரம் இல்லை. தமிழினமே உலகின் முதல் இனம் என்பதற்குச் சான்றாகச் சொல்கிறார்கள். அது புறப்பொருள் வெண்பாமாலையில் கரந்தைப் படலத்தில் வருவது. பகைவர் கவர்ந்த மாடுகளை மீட்கப் போகும் போரைப் பாடும் படலம். அதில் குடிநிலை என்ற துறை, ஒரு மறக்குடியின் தொன்மையையும் வீரத்தையும் புகழ்வது. ஒரு குடிக்குப் பாடிய உயர்வு நவிற்சி, ஓர் இனத்தின் வரலாற்றுச் சான்றாக மாறிவிட்டது. பாட்டின் மேல் குற்றமில்லை. கவிதையை ஆவணமாகப் படிப்பதுதான் குற்றம். தனிச்சிறப்புவாதம் பெரும்பாலும் இப்படித்தான் கட்டப்படுகிறது: சின்ன வட்டத்துக்குச் சொன்னதைப் பெரிய வட்டத்துக்கு இழுப்பது.

இன்னொரு தவறு எதிர்த்திசையில் நடக்கும். பெரிய வட்டத்துக்குச் சொன்னதைச் சின்ன வட்டத்துக்கு மட்டும் கொடுப்பது. எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று 1776-ல் அறிவித்த அமெரிக்கா, 1790-ல் குடியுரிமைச் சட்டம் எழுதியபோது சுதந்திரமான வெள்ளையருக்கு மட்டும் அந்த வழியைத் திறந்தது; அடிமை முறை 1865 வரை நீடித்தது. இங்கேயும் பாருங்கள். சோறுடைத்த சோழநாடு என்ற பெருமையைப் பாடிய மண்ணில், கூலியாகக் கூடுதல் நெல் கேட்டுப் போராடிய காலத்தில், 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்தச் சோற்றை விளைவித்தவர்கள் அந்தப் பெருமைக்குள் இருந்தார்களா? ஒரு நாட்டையோ மண்ணையோ உயர்த்திச் சொல்லும் எந்த வாக்கியத்தைக் கேட்டாலும், அந்த மண்ணில் மிகக் குறைந்த கூலி வாங்கியவரின் வாயில் அதை வைத்துப் பாருங்கள். அங்கே அது நிற்கவில்லை என்றால் அது நாட்டைப் பற்றிய வாக்கியம் ஆகாது.

கற்றுக்கொள்வது நின்றுபோகும்

நெல்லில் எங்களுக்கு யார் சொல்லித் தர வேண்டும் என்று டெல்டா நினைத்திருந்தால் நினைத்திருக்கலாம். நினைக்கவில்லை. 1960-களில் வந்த ஆடுதுறை 27, ஜப்பான் ரகத்தையும் நம் ரகத்தையும் கலந்து எடுத்தது. ஐஆர் 8 பிலிப்பைன்ஸில் உருவானது. அதன் பெற்றோரில் ஒன்று இந்தோனேசியா, மற்றொன்று தைவான். திருந்திய நெல் சாகுபடி மடகாஸ்கரிலிருந்து வந்தது. 1980-களில் அங்கே அதை வகுத்தவர் லோலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார். நாகரிகம் கற்பிக்கப் போன நாட்டின் ஆள்தான். ஆனால் இவர் மடகாஸ்கர் விவசாயிகள் என்ன செய்கிறார்கள் என்று வயல் வரப்பில் நின்று பார்த்து எழுதினார். ஏக்கருக்கு இருபது, முப்பது கிலோ விதை விட்ட இடத்தில் இரண்டு, மூன்று கிலோ, ஒரு மாத நாற்றுக்குப் பதில் 14 நாள் நாற்று, 22.5 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒற்றை நாற்று. மூத்த குடி என்ற நினைப்போடு இருப்பவர் கையில் இந்த ஒற்றை நாற்று ஏறாது.

ஒரு வாக்கியத்தைச் சோதிக்கும் முறை

"உலகிலேயே முதல் அணை நம் கல்லணை." இதை எடுத்து ஒவ்வொரு சொல்லாகத் தட்டிப் பார்ப்போம். முதலில் அளவுகோல் எது என்று கேளுங்கள். காலத்தால் முதலா? கரிகாலன் கட்டியதாக வழிவழியாக வரும் செய்தியை அப்படியே ஏற்றாலும் ஏறக்குறைய 2,000 ஆண்டு. எகிப்தில் சத் எல் கஃபாரா அணை சுமார் 4,600 ஆண்டுக்கு முந்தியது. அப்படியானால் "முதல்" என்ற சொல் விழுந்துவிட்டது. அது வெள்ளத்தில் போய்விட்டதே, நம்முடையது இன்றும் ஓடுகிறதே என்பீர்கள். நல்ல கேள்வி; இப்போது வாக்கியம் "இன்றும் பயன்பாட்டில் உள்ளவற்றில் முதல்" என்று சுருங்குகிறது. யாரோடு ஒப்பிட்டோம் என்று அடுத்துக் கேளுங்கள். சீனாவின் சிச்சுவானில் துஜியாங்யான் பாசன அமைப்பு கி.மு. 256 வாக்கில் தொடங்கியது, இன்றும் பாய்கிறது. ஆக, "இன்றும் பயன்பாட்டில் உள்ள மிகப் பழைய பாசன அமைப்புகளுள் ஒன்று" என்பதுதான் நிற்கும். பிறகு பெயரை மாற்றிப் பாருங்கள்: ஒரு சீனர் இதே சொற்களில் துஜியாங்யானைப் பற்றிப் பேசினால் நாம் ஏற்போமா? கடைசியாக, "ஆகவே" என்று ஏதாவது பின்னால் தொங்குகிறதா என்று பாருங்கள். ஆகவே நம்மிடம்தான் எல்லாரும் கற்க வேண்டும், நாம் யாரிடமும் கற்க வேண்டாம் என்று வந்தால் மூன்றாம் படிக்கு ஏறிவிட்டோம்.

சுருங்கிய வாக்கியத்தில் பெருமை குறைந்துவிட்டது என்று தோன்றலாம். ஆர்தர் காட்டன் 1830-களில் கொள்ளிடத்தில் மேலணை கட்ட வந்தபோது கல்லணையின் வயது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. ஆழம் காண முடியாத ஆற்று மணலில் கல்லைப் போட்டு, அது இறங்கி நிற்கும்வரை மேலே மேலே அடுக்கி, அடித்தளம் எடுத்த நுட்பத்தைப் பார்த்தார். அதை நம் முன்னோரிடமிருந்து கற்றதாக எழுதினார். அந்த அறிவோடு கோதாவரியில் தவளேஸ்வரம் அணைக்கட்டைக் கட்டினார். அதே காட்டனின் மேலணை இல்லாவிட்டால், கொள்ளிடம் பள்ளமாகிக்கொண்டே போய்த் தஞ்சைப் பாசனம் தண்ணீரை இழந்திருக்கும். துஜியாங்யானில் ஆற்றைக் குறுக்கே மறிக்கவில்லை; மூங்கில் கூடைகளில் கல் நிரப்பி, மீன் வாய் போன்ற ஒரு கரையை நடுவில் போட்டு ஆற்றை இரண்டாகப் பிரித்தார்கள். எவ்வளவு ஆழம் தூர்வார வேண்டும் என்று காட்ட ஆற்றடியில் இரும்புத் தண்டு புதைத்துவைத்திருக்கிறார்கள். தண்டு தெரியும்வரை தோண்ட வேண்டும். நம் வாய்க்கால்களில் ஒவ்வொரு கோடையிலும் தூர்வாரும் அளவு பற்றி வரும் சண்டையை நினைத்துக்கொண்டு அந்த இரும்புத் தண்டைப் பற்றி விசாரிக்கலாம்.